ஜப்பான் ஓவியத்துப் பேய்க்குக் கால் ஏன் இல்லை?

அடுத்த கேள்வி, ஓவியம் பழகுற ஒரு நேயர் கேட்டது: "ஜப்பான் படங்கள்ல பேய்க்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே, ஏன்? நான் வரைஞ்சா பேயாவே தெரியல, எங்க தப்பு?"

நீங்க சொல்றது யூரெய், செத்தவங்களோட ஆவி. ஜப்பான் கதைகள்ல வர்ற கொம்பு வச்ச ஓனி, நீண்ட மூக்கு வச்ச தெங்கு இதெல்லாம் வேற பூத இனம், அதுங்களுக்குக் கால் நல்லாவே இருக்கும். யூரெய் ஒரு காலத்துல நம்மள மாதிரி மனுஷங்க. அதனால பிணத்துக்கு உடுத்துற வெள்ளை உடுப்போடதான் வரைவாங்க. உங்க படம் தப்புறதும் அநேகமா அங்கதான்.

கழுத்து மடிப்பைப் பாருங்க. உயிரோட இருக்கறவங்க கிமோனோ உடுத்தினா அவங்க இடப்பக்கத் துணி மேல வரும். பிணத்துக்கு வலப்பக்கம் மேல. அதாவது படத்துல, மேல தெரியுற விளிம்பு உங்க இடது கைப் பக்கத் தோள்ல தொடங்கி வலப்பக்கமா இறங்கணும். பலர் இதைச் சரியா வரைஞ்சுட்டு, கம்ப்யூட்டர்ல படத்தை இடவலமாத் திருப்பிடுறாங்க. அந்த நிமிஷமே அது உயிருள்ள பொண்ணாயிடும்! கூந்தலை அவிழ்த்து விடுங்க, எடோ காலத்து (1603–1868) ஜப்பான் பெண்கள் கொண்டை போட்டவங்க. முழங்கையை மடிச்சு, கையை மணிக்கட்டுலேர்ந்து தொங்கவிடுங்க. நெத்தியில கட்டுற வெள்ளை முக்கோணத் துணியும் சவச்சடங்குல உள்ளதுதான், ஆனா கட்டாயம் இல்ல.

இப்ப காலுக்கு வருவோம். ஓவியர் மருயாமா ஓக்யோதான் (1733–1795) காலை எடுத்தார்னு சொல்வாங்க. அது சரியில்ல, 17ஆம் நூற்றாண்டு அச்சுப் படத்துலயே காலில்லாத யூரெய் உண்டு. ஓக்யோவோட பெருமை வேற. முகத்தையும் முடியையும் துல்லியமா வரைஞ்சு, இடுப்புக்குக் கீழ மையை நீர்க்கவிட்டுக் கரைச்சார். முகம் அவ்வளவு நிஜமா இருக்கறதாலதான் கீழ இல்லாதது நம்மைத் திடுக்கிட வைக்குது. அவர் படத்துல முகம் கோரமாகூட இருக்காது, சாந்தமாத்தான் இருக்கும்.

நீங்க முழு உருவத்தையும் வரைஞ்சுட்டு அப்புறம் காலை அழிக்காதீங்க, வெட்டின பொம்மை மாதிரி ஆயிடும். உடுப்பு முடியுற இடத்துல காகிதத்தை முதல்ல நனைச்சுக்கோங்க. மேலேர்ந்து மையை இழுத்து வந்து, ஈரம் காயறதுக்குள்ள வெறும் தண்ணிப் பிரஷால கீழ கொண்டு போங்க. காய்ஞ்சப்புறம் தொட்டா விளிம்பு கோடா நின்னுடும்.

காலுள்ள யூரெய்யும் உண்டு. கதைசொல்லி சன்யூதெய் என்ச்சோ (1839–1900) சொன்ன பியோனிப் பூ விளக்குக் கதையில, ஆவி வர்றதே மரக்காலணிச் சத்தத்துலதான் தெரியும். அவர் சேர்த்த பேய் ஓவியச் சுருள்களை டோக்கியோ யானகாவுல ஜென்ஷோ-ஆன் கோயில்ல ஆகஸ்ட்ல காட்சிக்கு வைப்பாங்க. ஓக்யோ வரைஞ்சதாச் சொல்ற சுருளும் அதுல ஒண்ணு.