ஏரிக்கரை மணலில் வாழும் ஸ்பிரிங்டெயில்கள்: தோண்டுவதிலிருந்து பெயரிடுவது வரை

அவையோருக்கு வணக்கம்.

ஏரிக்கரை மணலில் புதிய சிற்றினம் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி படிக்கிறோம். யாரோ கரையில் குனிந்து எதையோ பொறுக்கினார், வேலை முடிந்தது என்று தோன்றிவிடும். கரையில் ஆகும் வேலை அரைநாள்தான். மிச்சம் முழுவதும் ஸ்லைடு செய்வதிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் இருக்கிறது. தவறான பெயர்கள் பிறப்பதும் அங்கேதான். அதனால் இன்று அந்தப் பகுதியைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் உயிரைப் பார்த்துவிடுவோம். ஸ்பிரிங்டெயில்களின் வகைப்பாட்டுப் பெயர் கொலம்போலா. ஆறு கால் உண்டு. ஆனால் வாயுறுப்புகள் தலைக்குள் மறைந்திருப்பதால் பூச்சிகளோடு சேர்க்காமல் தனி வகுப்பாக வைக்கிறார்கள். வயிற்றின் அடியில் கவை போல ஒரு வால் மடிந்திருக்கும். அதன் பெயர் ஃபர்கா. அதைப் பிடித்துவைக்க ரெட்டினாகுலம் என்ற சிறு கொக்கி. கொக்கி விட்டதும் வால் தரையை அறைய, உடல் துள்ளி எழும். மணலுக்குள்ளேயே வாழப் பழகியவை பலவற்றில் இந்த வால் குறுகியோ முற்றிலும் இல்லாமலோ போயிருக்கும். கண்ணும் இல்லை, நிறமும் இல்லை. அரை மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் துணுக்குபோல இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதுதான் இவற்றின் சிக்கல்.

வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இண்டியானா டியூன்ஸ், ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் போன்ற இடங்களில் கரை முழுக்க மணல்தான். கடல்போல ஏற்றவற்றம் அங்கே இல்லை. ஆனால் ஏரி மட்டம் நிலையாக நிற்பதும் இல்லை. 1986 அக்டோபரில் இருந்த உச்சத்துக்கும் 2013 ஜனவரியில் இருந்த தாழ்நிலைக்கும் கிட்டத்தட்ட 2 மீட்டர் வித்தியாசம். சரிவு குறைந்த கரையில் 2 மீட்டர் என்றால் நீர்விளிம்பு பல பத்து மீட்டர் தள்ளிப்போகும். அதனால் 'கரையில் கிடைத்தது' என்ற குறிப்புக்கு மதிப்பில்லை. அன்றைய நீர்விளிம்பிலிருந்து எத்தனை மீட்டர், மேற்பரப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதவேண்டும்.

கரையை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாதிரி எடுங்கள்: அலை தொடும் விளிம்பு, அதற்கு மேலே எப்போதும் ஈரமாக இருக்கும் மணல், அலை ஒதுக்கிய குப்பை வரிசை, புல் வேரூன்றிய உலர்ந்த மணல்மேடு. ஒரே பையில் போட்டுக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. குப்பை வரிசையில் காட்டு மண்ணிலிருந்து அடித்துவரப்பட்டவையும் இருக்கும். விளிம்பில் போடூரா அக்வாட்டிகா போல நீர்ப்பரப்பின் மேலே வாழ்பவை காற்றில் ஒதுங்கிக் கிடக்கும். ஒருமுறை ஒன்றிரண்டு கிடைத்ததை வைத்து அது மணலில் வாழும் சிற்றினம் என்று எழுதக்கூடாது. அதே பட்டையில், ஆழத்தில், வளர்ந்ததும் குஞ்சும் சேர்ந்து கிடைத்தால் மட்டுமே அப்படிச் சொல்லலாம்.

மண்ணிலிருந்து இவற்றைப் பிரிக்க எல்லோரும் பெர்லீஸ் புனலைப் பயன்படுத்துகிறார்கள். மேலே விளக்கின் சூடு, கீழே எத்தனால். வெப்பத்துக்கு அஞ்சி உயிர்கள் கீழே இறங்கி விழும். இலைக்குப்பைக்கு அருமையான முறை. மணலுக்குச் சரிப்படாது. மணல் வலையைத் தாண்டிக் கொட்டிவிடும். அதைவிடப் பெரிய கேடு, மணல் சட்டென்று காய்வது. மெல்லத் தவழும் சிறு உயிர்கள் இறங்கி வருவதற்குள் நடுவழியிலேயே காய்ந்து இறந்துவிடும். புனலை மட்டும் நம்பி ஆய்வு செய்த கரைகளில் ஆழ்மணல் இனங்கள் பட்டியலில் ஏறாமலே போகும். ஏரிமணல் இன்னும் புதியவற்றைத் தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

மணலுக்கு ஏற்றது மிதக்கவைக்கும் முறை. இவற்றின் தோலில் மிகமிக நுண்ணிய மேடுகள் வலைப்பின்னலாக அமைந்திருப்பதால் தண்ணீர் ஒட்டாது. 5 லிட்டர் வாளியில் அரை லிட்டர் மணலைப் போட்டு 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அடிவரை கையால் கிளறுங்கள். அரை நிமிடம் விட்டால் மணல் படியும், உயிர்கள் மேலே மிதக்கும். மேல்நீரைச் சல்லடையில் ஊற்றுங்கள். சல்லடைக் கண் 50 மைக்ரான் அளவில் இருக்கட்டும். 100 மைக்ரான் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மீசஃபோரூரா என்ற ஸ்பிரிங்டெயில் பேரினத்தைப் போன்ற ஒல்லியான உடல் நீளவாக்கில் திரும்பினால் அதில் நழுவிப்போகும். இதே மணலை மூன்று நான்கு முறை கிளறி எடுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் வாளியின் உட்சுவரைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். நீர்மட்டம் சுவரைத் தொடும் வளையத்தில் நிறைய உயிர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு. நீர்விளிம்பிலிருந்து கரைப்பக்கமாக ஓரிரு மீட்டர் தள்ளி, நிலத்தடி நீர் ஊறும்வரை ஒரு குழி தோண்டுங்கள். ஊறி நிற்கும் நீரின் மேல் சற்று நேரத்தில் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். மெல்லிய தூரிகையால் தொட்டு எடுக்கலாம். கராமன்–ஷாப்பி முறை என்று இதற்குப் பெயர். குழியின் சுவர் சரிந்து மேல்மணல் உள்ளே விழுந்தால் ஆழக் கணக்கு பொய்யாகிவிடும். குழியை அகலமாக, சரிவாக வெட்டினால் அது நேராது.

மாதிரியை வீட்டுக்கோ ஆய்வகத்துக்கோ கொண்டுபோகிறீர்கள் என்றால், பையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். காருக்குள் வெயிலில் வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் பிரித்தெடுங்கள். பையின் உட்புறம் வேர்க்கும் நீர்த்துளிகளில் உயிர்கள் சிக்கி அப்படியே கிடக்கும். எனவே பையையும் கழுவி வடிகட்டவேண்டும்.

நிறமுள்ளவை கிடைத்தால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். எத்தனாலில் நிறம் கரையும். 70 சதவீத எத்தனாலில் இவை மிதந்து காற்றுக்குமிழைப் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏவும் வேண்டுமென்றால் நேரே 95 சதவீதத்தில் போடுங்கள். அதில் நீண்டகாலம் இருந்தால் உடல் விறைத்துப்போகும், தெளியவைக்க நேரம் எடுக்கும். எனவே ஒரு பகுதியை ஒன்றிலும் மறுபகுதியை மற்றொன்றிலும் வைப்பது நல்லது.

இனி ஸ்லைடு. எத்தனாலிலிருந்து எடுத்த உயிரைக் குழிவான ஸ்லைடில் ஒரு சொட்டு லாக்டிக் அமிலத்தில் இட்டு, 50 டிகிரி சூடான தட்டில் வையுங்கள். சுருங்கிய உடல் மெல்ல உப்பி நிமிரும், குடலில் இருக்கும் கருமை தெளியும். நிறம் அடர்ந்தவற்றுக்கு முதலில் 5 முதல் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சில நிமிடம் தேவைப்படலாம். கண்ணை எடுக்காமல் பாருங்கள். மிஞ்சினால் உடல் வெறும் நிழலாகும், மயிர்கள் உதிரும். அதன்பின் தண்ணீரில் அலசி, ஹோயர் கலவையில் பதியுங்கள். ஹோயர் கலவைக்கு 50 மில்லி வடிநீர், 30 கிராம் அரபிப் பிசின், 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், 20 மில்லி கிளிசரின், இந்த வரிசையிலேயே சேர்க்கவேண்டும். பிசின் முழுவதும் கரையும்வரை அடுத்ததைச் சேர்க்கவேண்டாம். குளோரல் ஹைட்ரேட் வாங்கப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. அனுமதியை முன்கூட்டியே பாருங்கள்.

இங்கேதான் சொட்டின் அளவு முக்கியம். கலவை அதிகமானால் உயிர் ஆழத்தில் தங்கிவிடும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ், மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்புக்குக் கீழே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இறங்காது, எனவே சிற்றினத்தைப் பிரித்துக்காட்டும் உடல் மயிர் தெளிவாகத் தெரியாது. குறைந்தால் கவர்ஸ்லிப் உடலை நசுக்கி, முதுகு மயிரும் வயிற்று மயிரும் ஒரே தளத்தில் கலந்துபோகும். காயும்போது கலவை சுருங்கிக் கவர்ஸ்லிப்பை இழுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். 45 டிகிரியில் ஒரு வாரமாவது காயவைத்து, விளிம்பைச் சுற்றி வார்னிஷ் பூசுங்கள். பூசாவிட்டால் சில ஆண்டுகளில் ஓரத்திலிருந்து காற்று புகுந்து மாதிரி கெடும்.

ஒரே நிலையில் வைத்த ஸ்லைடுகள் போதாது. முதுகு மேலே பார்க்கச் சில, பக்கவாட்டில் சில, தலையைத் தனியே பிரித்து ஒன்றிரண்டு, ஃபர்கா இருந்தால் அதையும் தனியே. விவரிப்புக்கு வளர்ந்த உயிர் குறைந்தது பத்து வேண்டும். இனப்பெருக்கத் துளையைப் பார்த்து வளர்ந்தது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குஞ்சுகளில் மயிர் எண்ணிக்கை குறைவு, தோல் உரிக்க உரிக்கக் கூடும். குஞ்சை வைத்துக்கொண்டு "இந்த மயிர் இல்லாத புதிய சிற்றினம்" என்று எழுதினால், அது ஏற்கனவே தெரிந்த ஒன்றின் இளம்பருவமாக இருந்துவிடும்.

எதைப் பார்க்கவேண்டும் என்பதற்கு மீசஃபோரூராவையே எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பேரினத்துக்கு அடிப்படையாக வைக்கப்பட்ட மூலச் சிற்றினமான கிரவுஸ்பவுரியை 1901-ல் பெர்னர் விவரித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் எங்கே மண்ணைக் கிளறினாலும் கிடைத்த வெள்ளை உயிருக்கெல்லாம் அந்தப் பெயரே போடப்பட்டது. 1971-ல் ருசெக் அந்தத் தொகுப்பை மயிர் மயிராக ஆராய்ந்து, அதற்குள் பல சிற்றினங்கள் இருப்பதைக் காட்டினார். இன்று அந்தப் பேரினத்தில் ஐம்பதுக்கும் மேல் உண்டு. 1971-க்கு முன் வெளிவந்த பழைய பட்டியல்களில் இருக்கும் அந்தப் பெயரை ஸ்லைடைப் பார்க்காமல் நம்பக்கூடாது.

நுண்ணோக்கியில் அதன் தலையை வைத்தால், உணர்கொம்பின் அடியில் நீள்வட்டமான ஒரு பள்ளம் தெரியும். அதற்குள் சிறு கோல் போன்ற பைகள் இரண்டு வரிசையாக நெருங்கி நிற்கும். அவை எத்தனை என்று எண்ணவேண்டும். உடலின் முதுகில் நட்சத்திர வடிவத் துளைகள், பெயர் சூடோசெல்லி. ஒவ்வொரு உடற்கண்டத்திலும் எத்தனை இணை என்பதைச் சூத்திரமாக எழுதுவார்கள். உணர்கொம்பின் நுனிக்கண்டத்தில் தடித்த உணர்மயிர்கள், ஐந்தாம் வயிற்றுக் கண்டத்தில் இருக்கும் உணர்மயிரின் தடிமன், ஆசனவாய் மடலில் ஒரு கூடுதல் மயிர் உண்டா இல்லையா என்பது வரை பார்க்கவேண்டும். அந்த ஒரு மயிரில் இரண்டு சிற்றினங்கள் பிரியலாம். மயிர் உதிர்ந்திருந்தால் அதன் அடிக்குழி வட்டமாகத் தெரியும். குழியே இல்லையென்றால் மட்டுமே "இல்லை" என்று எழுதுங்கள். இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் இல்லாமல் போவதும் உண்டு. அதனால் இரண்டு பக்கமும், எல்லா ஸ்லைடிலும் எண்ணி, எத்தனையில் எப்படி என்று பதியவேண்டும். இன்னொரு ஸ்பிரிங்டெயில் குடும்பமான ஐசோடோமிடே என்றால் பார்க்கவேண்டியவை வேறு: கண்களின் எண்ணிக்கை (ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 8), நகப்பல், ரெட்டினாகுலத்தின் பற்கள், ஃபர்காவின் முன்பக்க மயிர்கள், கீழுதட்டு உணர்குமிழ்கள்.

ஒப்பீட்டில் ஒரு எச்சரிக்கை. மிச்சிகன் ஏரியின் இப்போதைய கரைகள் பனியுகத்துக்குப் பின் வந்தவை, புவியியல் கணக்கில் மிக இளையவை. பைக்கால் ஏரிபோலப் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டு தனித்திருந்து அங்கேயே புதிதாகப் பிரிய அவகாசமில்லை. மணல்வாழ் இனங்கள் பலவற்றில் பெண் மட்டுமே உண்டு, தனியாகவே பெருகும், எளிதாகப் பரவும். ஆகவே ஐரோப்பிய மணல், கடற்கரை மணல், ஆற்றுமணல் என எங்கெல்லாம் விவரிக்கப்பட்டவை உண்டோ அத்தனையையும் பார்த்தபிறகே "புதிது" என்று சொல்லவேண்டும். அண்டை மாநிலப் பட்டியலோடு ஒப்பிட்டு நிறுத்தக்கூடாது. சந்தேகம் இருந்தால் மூல மாதிரியை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். பழைய விவரிப்புகள் பல நான்கைந்து வரியில் முடிந்துவிடும். ஸ்லைடைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

டிஎன்ஏ இதற்கு நல்ல துணை. உயிரை அரைக்காமல், புரதத்தைக் கரைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே கரைசலில் 56 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் திசு கரையும், மேல்தோடு முழுசாக நிற்கும். அதையே ஸ்லைடில் பதிக்கலாம், டிஎன்ஏ வரிசையும் உருவமும் ஒரே உயிரிலிருந்து கிடைக்கும். சிஓஐ மரபணுவில் 658 கார இணை நீளப் பகுதியைத்தான் வழக்கமாகப் படிக்கிறோம். ஆனால் 2 அல்லது 3 சதவீத வித்தியாசம் என்றால் தனி சிற்றினம் என்ற அளவுகோல் கொலம்போலாவில் செல்லாது. ஒரே சிற்றினத்துக்குள் அதைவிடப் பெரிய இடைவெளிகள் சாதாரணம். வரிசை சொல்வதும் மயிர் சொல்வதும் ஒத்துப்போகவேண்டும்.

பெயர் சூட்டலுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் விலங்குப் பெயர் விதித்தொகுப்பின்படி, புதிய சிற்றினம் என்று வெளிப்படையாக அறிவித்து, ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒரே மாதிரி, எது என்று குறிப்பிட்டு, அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்றும் எழுதவேண்டும். மின்னிதழில் வெளியிட்டால், விலங்குப் பெயர்களின் அதிகாரபூர்வப் பதிவேடான ஜூபேங்கில் முன்பதிவு செய்து, பதிவு எண்ணைக் கட்டுரையிலேயே தரவேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது. அரேனேரியா, லகுஸ்ட்ரிஸ், சம்மோஃபிலா என்று மணலையும் ஏரியையும் குறிக்கும் பெயர்கள்தான் எல்லோர் மனதிலும் முதலில் தோன்றும். அதே பேரினத்தில் ஏற்கனவே யாராவது வைத்திருந்தால் உங்களுடையது அடிபடும். பட்டியலைத் தேடிவிட்டுப் பெயர் வையுங்கள்.

விவரிப்பில் நெருங்கிய சிற்றினங்களோடு ஒரு அட்டவணை கட்டாயம். படங்களில் அளவுக்கோடு கட்டாயம். இன்னொருவர் உங்கள் ஸ்லைடைப் பார்க்காமலே தன்னிடம் இருப்பது இதுதானா என்று முடிவெடுக்கும் அளவுக்கு மயிர்ப்படம் இருக்கவேண்டும். அழகாக முழு உருவத்தை வரைந்து, நகத்தையும் தாடையையும் விட்டுவிடுவது வீண்.

தென்னிந்தியாவில் இதைச் செய்ய விரும்புகிறவர்கள் ஹாண்ட்ஷின் 1929-ல் வெளியிட்ட தென்னிந்திய கொலம்போலா விவரிப்புகளையும், பிரபு 1971-ல் வெளியிட்டவற்றையும் முதலில் திறக்கவேண்டும். ஆற்றுமணலுக்கும் இதே மிதவை முறை பொருந்தும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி புதிய உயிரினத்தின் சான்று மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று. பாராடைப்புகளை, அதாவது ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிப்பிடும் மற்ற மாதிரிகளை, இரண்டு காப்பகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒன்றில் விபத்து நேர்ந்தாலும் மாதிரி மிஞ்சும். ஸ்லைடில் பதியாத மிச்ச உயிர்களை அதே லேபிளோடு 95 சதவீத எத்தனாலில், மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியது எத்தனால் பட்டு அழிந்துவிடும்.