போகும்போது குழந்தையோடு, திரும்பும்போது தனியாக

(காட்சி: வெளிறிய ஜிப்சத் தரை, அடிவானம் வரை ஒரு மரமும் இல்லை.)

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவில், என்றோ வற்றிப்போன ஓர் ஏரியின் தரையில் பதிந்துள்ள காலடிகளுள் பல, மண்ணில் ஈரம் சரியான அளவில் இருக்கும்போது மட்டும் நிற வேறுபாடாகத் தெரிந்து, பிறகு கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. ஆய்வாளர்கள் இவற்றைப் 'பேய்த் தடங்கள்' என்கிறார்கள்.

2020ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட ஒரு தடம் 1.5 கிலோமீட்டருக்கும் மேல் ஏறக்குறைய நேர்கோட்டில் சென்று, அதே வழியில் திரும்புகிறது. நடந்தவர் ஓர் இளம்பெண்ணாகவோ பதின்வயதுச் சிறுவனாகவோ இருக்கலாம்.

(காட்சி: சறுக்கி நீண்ட ஒரு பாதச்சுவடு, மிக அருகில்.)

அவர் நொடிக்குச் சுமார் 1.7 மீட்டர் வேகத்தில், வழுக்கும் சேற்றில், அவசரமாக நடந்திருக்கிறார். சுவடுகள் சில இடங்களில் அகன்றும் பக்கவாட்டில் திரும்பியும் கிடக்கின்றன. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பவரின் கால் எப்படிப் பதியும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இராது. ஆங்காங்கே மூன்று வயதுக்கும் குறைந்த ஒரு குழந்தையின் சின்னஞ்சிறு பாதங்கள் பெரிய சுவடுகளின் அருகே தோன்றி மறைகின்றன. கை மாற்றிக்கொள்ளவோ சற்று மூச்சு வாங்கவோ இறக்கிவிட்டிருப்பார் என்பது பொருத்தமான ஊகம்.

அவர் கடந்து சென்ற பின்னர் ஒரு மாமூத் யானையும், ராட்சத ஸ்லாத் எனப்படும், இன்று அழிந்துபோன விலங்கொன்றும் தடத்தைக் குறுக்கிட்டுள்ளன. மாமூத் பொருட்படுத்தாமல் நேரே போயிருக்கிறது. ஸ்லாத்தோ அங்கே நின்று, பின்னங்கால்களில் எழுந்து, மோப்பம் பிடிப்பதுபோல் சுற்றிலும் திரும்பியதாகச் சுவடுகள் காட்டுகின்றன. மனித வாடை அதற்கு அச்சமூட்டியிருக்கலாம். திரும்பி வந்த மனிதச் சுவடுகள் இவ்விலங்குகளின் தடங்களுக்கு மேல் பதிந்திருப்பதால், இடையில் சில மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும்.

அந்தத் திரும்பும் தடத்தில் குழந்தையின் சுவடும் இல்லை, சுமை தூக்கிய அடையாளமும் இல்லை.

இதைத் 'தாயின் பயணம்' என்று சொல்லிவிடும் ஆசை பலருக்கும் வருகிறது. பாதத்தின் நீளம் உறவுமுறையைச் சொல்வதில்லை. அக்காவோ அண்ணனோ சித்தியோ கூடத் தூக்கிச் சென்றிருக்கலாம். குழந்தை எங்கோ காத்திருந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதே எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது. போன வழியிலேயே, விலகாமல், தயங்காமல் திரும்பி வருபவர், சென்ற இடத்தை முன்பே அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.