பிளக்க மறுக்கும் கட்டை

நேயர்களே, வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது எட்டு நிமிடம். விறகைப் பற்றிப் பேச எட்டு நிமிடம் எந்த மூலைக்கு? இருந்தாலும் தொடங்குகிறேன்.

ஒரு மரம் விழுகிறது. துண்டு போட்டாயிற்று. முதல் துண்டை நிமிர்த்தி வைத்து ஓங்கி ஒரு போடு போடுகிறீர்கள். கோடாலி இரண்டு விரற்கடை இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது. ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை. காலை வைத்து மிதித்து இழுத்தால் கட்டையும் கூடவே எழுந்து வருகிறது. ‘இந்த மரம் நமக்குத் தேவைதானா?’ என்று அந்த நேரத்தில் மனசு கேட்குமே, இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

கட்டை ஏன் பிளக்க மறுக்கிறது? இரண்டு கைகளையும் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து வையுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். இப்போது கைகளைப் பிரித்தால் தானாகப் பிரியும். நேர்நார் ஓடிய மரம் அப்படி. இனி விரல்களைக் கோத்துக்கொண்டு, மடக்கி, இழுத்துப் பாருங்கள். பின்னல்நார் மரம் இப்படி. சில வருடம் இடப்பக்கம் சாய்ந்து வளர்ந்த நார், அடுத்த சில வருடம் வலப்பக்கம் சாயும், மறுபடியும் இடம். வேம்பு, புளி, தூங்குமூஞ்சி, தைலமரம் எல்லாம் இந்தச் சாதி. குளிர்நாடுகளில் எல்ம் என்று ஒரு மரம் உண்டு. வண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்கு அதைத்தான் தேடி எடுத்தார்கள். சுற்றிலும் ஆரக்காலை அடித்து இறக்கினாலும் குடம் விரியாதே. அங்கே தச்சன் கொண்டாடிய குணம், விறகு பிளப்பவனுக்கு முதுகுவலி.

என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் பழைய புளியமரம் ஒன்று சாய்ந்தது. “வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, காசு வேண்டாம்” என்றார்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாட்டுக்குச் சரி. மரத்துக்குப் பார்த்தே தீர வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியாது. பார்க்கவில்லை.

இரண்டு நாள் அடித்தேன். கோடாலிக் காம்பு ஒன்று போயிற்று. ஆப்பு ஒன்றை இறக்கினேன், கட்டை அதைக் கவ்விக்கொண்டது. அதை எடுக்க இரண்டாவது. இரண்டாவதை எடுக்க மூன்றாவது. மூன்று இரும்பு ஆப்பும் ஒரே கட்டைக்குள் இருக்க, கையில் சம்மட்டியோடு உட்கார்ந்திருந்தேன். ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சிறு வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். சம்பந்தமில்லாத வேலையில் தலையிடாதே என்பதற்காக அதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தக் கதையைக் கட்டியவர் விறகுக்காரராக இருந்திருப்பார் என்றே தோன்றுகிறது. விரிந்த மரம் மறுபடி மூடிக்கொள்ளும் வேகம் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

மூன்றாம் நாள், வழியில் போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். வாழ்நாளெல்லாம் விறகு பிளந்தவர். “ஏன் தம்பி, எடுத்த எடுப்புல நடு நெஞ்சுலயே அடிக்கிறீங்க? ஓரத்துலேர்ந்து வாங்க” என்றார். கோடாலியை வாங்கிக்கொண்டு உடனே அடித்துவிடவில்லை. கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெயிலில் விட்டிருந்த மயிர்க்கோடு போன்ற வெடிப்பு எங்கே இருக்கிறது, கணு எந்தப் பக்கம் என்று பார்த்தார். பட்டையிலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி ஓர் அடி. ஒரு பிளாச்சு கழன்று விழுந்தது. கட்டையைக் கொஞ்சம் திருப்பினார், அடுத்த பிளாச்சு. தோலுரிப்பது போல அப்படியே சுற்றி வந்தார். கடைசியில் வைரம், அதாவது கெட்டியான நடுமரம் மட்டும் ஒரு முளைக்கம்பு மாதிரி நின்றது. ‘அதையும் பிளக்கப் போகிறீர்களா?’ என்றேன். “இதுக்கு மேல எதுக்கு? அப்படியே எரியும்” என்றார்.

மறுபடி சொல்கிறேன், இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களுக்காகவும்: ஓரத்திலிருந்து வாருங்கள். அதுவரை நடுவில் அடித்ததெல்லாம் கணக்கில்லை. ஓரத்தில் பத்து அடி அடித்துப் பார்க்காமல் எந்த மரத்தையும் ‘ஆகாது’ என்று தள்ளாதீர்கள்.

சரி, பத்து அடிக்கும் அசையவில்லை. அப்போது? அப்போதுதான் கனம் பார்க்க வேண்டும். துளி ஈரமும் இல்லாமல் காய்ந்த விறகு எந்த மரமானாலும் கிலோவுக்கு ஏறக்குறைய 4,500 கிலோகலோரி சூடு தரும். மரத்துக்கு மரம் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் ஒரு கட்டைக்குள் எத்தனை கிலோ அடங்கியிருக்கிறது என்பதில். காய்ந்த புளி கன மீட்டருக்கு 850 கிலோ வாக்கில் நிற்கும். தூங்குமூஞ்சி 500, 600 கிலோதான். இரண்டுமே பின்னல்நார், இரண்டுமே முதுகை ஒடிக்கும். புளியோடு மல்லுக்கட்டினால் கூலி உண்டு, இரவெல்லாம் கங்கு நிற்கும். தூங்குமூஞ்சி அடிமரத்தோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். முருங்கை பருத்தால் தூணாகுமா என்பார்கள். விறகும் ஆகாது.

இன்னொன்று: மரம் முழுக்கவா பிளக்க முடியாமல் இருக்கிறது? கை கனமுள்ள கிளைக்குக் கோடாலியே தேவையில்லை, அறுத்தால் போதும். வம்பு செய்வது அடிமரமும் தூரும் கிளை பிரியும் கவட்டையும்தான். கிளையெல்லாம் எனக்கு, கவட்டை மண்ணுக்கு என்று பாகம் பிரித்துவிடுவேன். நடுவாந்தரமான கட்டையாக இருந்தால் துண்டின் நீளத்தைப் பாதியாக்கிப் பார்க்கலாம். கிழிக்க வேண்டிய நாரும் பாதியாகிவிடும். இயந்திர ரம்பம் இருப்பவர்கள் கட்டையைப் படுக்கப் போட்டு நெடுக்கில் அறுக்கலாம். தூள் பறக்காமல் சுருள் சுருளாகச் சீவல் விழும். பார்க்க அழகாக இருக்கும், எண்ணெய்தான் கூடுதலாகக் குடிக்கும்.

முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். தைலமரத்தைப் பச்சையில் பிளந்தால் பிளந்தது. காய்ந்தால் இரும்பு. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று உருட்டி வைத்த முழுக்கட்டைக்குள் ஈரம் அடைந்து கிடக்கும், பட்டைக்கடியில் பூச்சி குடியேறும், ஒருநாள் புரட்டினால் மாவாக உளுத்துக் கொட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். காய வைப்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், பரவாயில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கட்டையில் பாதி எடை தண்ணீர், அது 20 சதவீதத்துக்கு இறங்கினால்தான் புகையில்லாமல் எரியும். அடுக்கும்போது தரையில் படாமல் அடுக்குங்கள், மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களில் காற்றோடட்டும். ஆப்பின் தலை அடிபட்டுக் காளான் குடை மாதிரி விரிந்திருந்தால் ராவிவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் இரும்புச் சில் தெறித்துக் கண்ணில் ஏறும். அரளிக் கட்டை எவ்வளவு சுலபமாகப் பிளந்தாலும் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், புகையே நஞ்சு. அந்தப் புளியமரத்தின் கவட்டை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெரியவர் அதை அடிக்கவே இல்லை, காலால் உருட்டி ஓரமாக விட்டார். இன்றுவரை மற்ற விறகையெல்லாம் அதன்மேல் வைத்துத்தான் பிளக்கிறேன். வணக்கம்.