மாலையும் போடுவோம், கணக்கும் கேட்போம்

நடுவர் அவர்களே, சபையோரே, எதிரே இருக்கும் நண்பர்களே, வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொருமுறை சொல்லிவிடுகிறேன். சர்ச்சைக்குரிய ஓர் அரசியல் தலைவர் மறைந்தபின் அவரை நினைவுகூர வேண்டியது அவருடைய நன்மைகளை மட்டும் சொல்லியா, தவறுகளையும் சேர்த்துச் சொல்லியா? நன்மையோடு நிறுத்திக்கொள்வோம் என்றார் எதிரணித் தலைவர். வடிவாகத்தான் பேசினார், கைதட்டும் வாங்கினார். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார் என்றார். தீமையை அன்றைக்கே மறந்துவிடச் சொன்னவர் வள்ளுவர் என்றார். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, எங்கள் தலைவர்களின் பிழையை நாங்களே கதைத்தால் தெற்கில் இருக்கிற சிங்களவன் அதைப் பிடித்துக்கொள்வான் என்றார்.

ஒரு விஷயத்தில் அவரோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை. செத்தவீட்டில் தவறு கதைக்கக்கூடாது. சரி. 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் குடும்பம் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்திலும் கதைக்க வேண்டாம். கல்வெட்டுகளை மட்டும் படித்தால் யாழ்ப்பாணத்தில் இதுவரை ஒரு சிடுமூஞ்சிகூடச் செத்ததில்லை என்றுதான் தெரியும். பரவாயில்லை, அது குடும்பத்தின் துக்கம், குடும்பத்தின் காசு. ஆனால் அரசியல்வாதியின் நினைவு அந்தியேட்டியோடு முடிகிறதா? அவர் பெயரில் வீதி வரும், மைதானம் வரும், சிலை வரும், வருடா வருடம் நினைவுப் பேருரை வரும். அது பொது இடம், பொதுக் காசு, பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுவந்து இருத்துகிற கூட்டம். எங்கள் அணி பேசுவது அந்தக் கூட்டத்தைப் பற்றி.

இந்த வீரசிங்கம் மண்டபத்தின் வாசலில் இறங்கி நில்லுங்கள். 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசிக் கூட்டத்துக்குக் கூடிய சனத்துக்குள் பொலிஸ் புகுந்தது இங்கேதான். கண்ணீர்ப்புகை அடித்தார்கள், மின்கம்பி அறுந்து விழுந்தது, உயிர்கள் போயின. அவர்களுக்கான நினைவிடம் வெளியே நிற்கிறது. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் துரையப்பா விளையாட்டரங்கு. அல்பிரட் துரையப்பா அன்றைக்கு இந்த நகரத்தின் மேயர். மாநாட்டை யாழ்ப்பாணத்தில் நடத்துவதை விரும்பாத அரசாங்கத்தின் கட்சிக்கு இங்கே இருந்த முகமும் அவர்தான். பழி அவர் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி டி கிரெட்சர் தலைமையில் பொதுமக்கள் அமைத்த விசாரணைக் குழு பொலிஸைக் குற்றம் சாட்டியது. அடுத்த வருடம், 1975 யூலை 27, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போன இடத்தில் மேயரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இந்த மனிதரை எப்படி நினைவுகூருவது? எதிரணி சொல்கிறபடி என்றால் 1960ஆம் ஆண்டுத் தேர்தலைச் சொல்லலாம். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தைச் சுயேச்சையாக நின்று தோற்கடித்தவர். சாதாரண சனத்தின் வீட்டுப்படி ஏறிய மேயர். 1970இல் தோற்றதும் வெறும் 56 வாக்கால்தான். எல்லாம் உண்மை. ஆனால் 1974 ஜனவரி 10ஐ விட்டுவிட்டு இவற்றை மட்டும் சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கிறவன் என்ன செய்வான்? ஒன்றும் செய்யமாட்டான். வீட்டுக்குப் போகிற வழியில் அந்த நினைவிடத்தைப் பார்த்து, இவங்கள் மறைக்கிறாங்கள் என்று முடிவுகட்டுவான். மறுபக்கத்தில் துரோகி என்ற ஒரு சொல்லோடு அவரை மூடிவைத்தவர்களும் இதையேதான் செய்தார்கள். ஒரு தரப்புக்கு நன்மை மட்டும் போதும், இன்னொரு தரப்புக்குப் பழி மட்டும் போதும். அந்த இரவு மேயருக்கு என்ன தெரியும், பொலிஸை அனுப்பியது யார், தடுக்க அவரால் முடிந்திருக்குமா என்று அவரையே நிறுத்திக் கேட்டிருக்கலாம். துப்பாக்கி அந்தக் கேள்விகளையும் சேர்த்துத்தான் சுட்டது. இன்றைக்கு அவர் பெயரில் உள்ள அரங்கில் பந்து அடிக்கிற எத்தனை பெடியளுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்? அவரைத் தியாகி ஆக்கவும் வேண்டாம், துரோகி ஆக்கவும் வேண்டாம். இந்த மனிதர் இன்னின்னது செய்தார், இன்னின்ன பழி இவர்மேல் உண்டு, இன்னது நிரூபிக்கப்படவில்லை என்று அரங்க வாசலில் ஒரு பலகை வைத்தால் மைதானம் இடிந்தா விழும்?

நடுவர் அவர்களே, தவறையும் சேர் என்று சொன்னதும் எங்கள் அணியை ஏதோ பழிபோடுகிற அணி என்று எதிரணியினர் நினைத்துவிட்டார்கள். முழுக் கணக்குப் பார்க்கும்போது இல்லாத பழியும் இறங்கும். ஜி.ஜி. பொன்னம்பலத்தையே எடுங்கள். 1948இல் தோட்டங்களில் வேலைசெய்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்துக்கு ஜி.ஜி. கையைத் தூக்கினார் என்று தேநீர்க்கடையிலும் சொல்வார்கள், மேடையிலும் சொல்வார்கள். அது சரியில்லை. 1948 ஓகஸ்டில் அந்தச் சட்டமூலத்தை அவர் எதிர்த்து வாக்களித்தார். அதற்குப் பிறகு பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் போய் இருந்தார். இருந்துகொண்டு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமாக வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். அதிலேதான் அவருடைய கட்சியில் இருந்த செல்வநாயகம் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களாக நின்றார்கள். 1947இல் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத்தால் 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

இனி இதைச் சொல்லாமல், அவர் அமைச்சராக இருந்து கொண்டுவந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைச் சொல்லுங்கள், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைச் சொல்லுங்கள், சிங்களவருக்குப் பாதி ஆசனம், சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி என்று அவர் கேட்ட ஐம்பதுக்கு ஐம்பதைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தான் தலையாட்டுவான். மலையகத்து ஹற்றனிலிருந்து வந்து இங்கே படிக்கிற பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருந்தால்? அந்தப் பிள்ளையின் பாட்டனுக்கு அமைச்சர் கட்டிய தொழிற்சாலையால் என்ன வந்தது? எதிரணி நண்பர்கள் நன்மை நன்மை என்கிறபோது, அது யாருக்கு நன்மை என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

வள்ளுவருக்கு வருகிறேன். எனக்குச் செய்த தீமையை நான் மறந்துவிடலாம். அது பெருந்தன்மை, ஒப்புக்கொள்கிறேன். அடுத்தவனுக்குச் செய்த தீமையை நான் மறக்க எனக்கு என்ன உரிமை? மலையகத்தானின் வாக்கு போனதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாங்கள் மன்னித்துவிட்டோம் என்றால் அதற்குப் பெயர் பெருந்தன்மையா? வள்ளுவர் அந்தக் குறளை வைத்தது செய்ந்நன்றி அறிதலில். எனக்கு உதவியவன் பிறகு எனக்கே ஒரு கெடுதல் செய்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே பேச்சு. பொதுக்காரியத்தில் ஓர் ஆளை எடைபோடுகிற இடத்துக்கு வந்தால், குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது கூட என்று பார் என்று அவரே வேறோர் அதிகாரத்தில் சொல்லிவைத்திருக்கிறார். எதிரணித் தலைவர் தமிழாசிரியர். அவருக்குத் தெரியாமல் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சேர் பொன்னம்பலம் இராமநாதன். பிடித்த என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மருதனார்மடத்தில் 1913இல் பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரியை அமைத்தவர். 1921இல் அவர் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்தான் 1974இலிருந்து எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தச் சபையில் பட்டம் பெற்றவர்கள் கனபேர் அவர் வாங்கிவைத்த மண்ணில் நடந்து படித்தவர்கள். 1915 சிங்கள, முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக லண்டன் வரை போய் வாதாடியவர். திரும்பி வந்தபோது சிங்களவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்தார்கள் என்பது நாங்கள் சலிக்காமல் சொல்கிற கதை. அந்தக் கலவரத்தில் அடிவாங்கியவர்கள் முஸ்லிம்கள் என்பதை அந்தக் கதையில் எங்கே சொல்கிறோம்?

அது ஒருபக்கம். 1927இல் இலங்கையின் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராயப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தது. வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்ற யோசனை வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் இதே இராமநாதன். பெண்களுக்கு வாக்கு வேண்டாம். சாதியால் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் வேண்டாம். பெண்கள் படிக்கக் கல்லூரி கட்டியவர், படித்த பெண் வாக்குச்சீட்டைத் தொடக்கூடாது என்றார். 1930 நவம்பரில் அவர் காலமானார். 1931இல் 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு வந்தது. அந்தத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது வேறு கதை, அதற்கு நடுவர் இன்னொரு பட்டிமன்றம் வைக்கவேண்டும்.

இதைச் சொன்னால் இராமநாதன் சின்ன ஆள் ஆகிவிடுவாரா? எனக்கு அப்படித் தெரியவில்லை. குருபூசையில் அவருடைய படத்துக்கு முன்னால் நிற்கிற 17 வயதுப் பிள்ளையிடம், உன்னைப் படிக்கவைத்தவர் உன் வாக்கை மறுத்தார், ஏன் என்று யோசி என்று சொல்லிப் பாருங்கள். கொடைவள்ளல், கல்விக் காவலர் என்று அரைமணித்தியாலம் அடுக்குகிற உரையில் அந்தப் பிள்ளைக்குக் கொட்டாவிதான் வரும். இந்தக் கேள்வி வந்தால் அவள் நூலகத்துக்குப் போவாள். அந்தக் காலத்துப் படித்த வேளாளர் எப்படி யோசித்தார்கள், பள்ளி கொடுப்பதும் அதிகாரம் கொடுப்பதும் அவர்களுக்கு ஏன் இரண்டு வேறு காரியங்களாகத் தெரிந்தன என்று தேடுவாள். சிலவேளை அவருக்காக வாதாடவும் செய்வாள். வாதாடட்டும்.

தெற்கில் உள்ளவன் பிடித்துக்கொள்வான் என்ற பயத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. அவன் எப்போதோ பிடித்தாயிற்று. எங்கள் தலைவர்களின் பிழைகளைப் பற்றி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் புத்தகங்கள் வந்து எத்தனையோ காலம். நாங்கள் வாயைத் திறக்காவிட்டால் அவன் எழுதியதுதான் வரலாறாக நிற்கும். அதில் பாதி சரியாக இருக்கும், பாதி ஜி.ஜி.யின் 1948 மாதிரி இருக்கும். திருத்துவதற்கு எங்களிடம் ஒரு வரியும் இருக்காது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தம்பி உணர்ச்சியோடு ஒன்று சொன்னார்: தவறைச் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த இளைஞன் அரசியலுக்கு வருவான்? தம்பி, 2024 யூன் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயா காலமானாரே, அன்று இரவு முகநூலைப் பார்த்தீர்களா? ஒரு பக்கம் பெருந்தலைவர், மறுபக்கம் வாயில் எடுக்க முடியாத வசை. இரண்டும் ஒரே மணித்தியாலத்தில். 2010 ஜனாதிபதித் தேர்தலில் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கே வாக்களிக்கச் சொன்னது ஏன், 2012 மேதினத்தில் இந்த யாழ்ப்பாணத்தில் இலங்கையின் தேசியக் கொடியான சிங்கக்கொடியைப் பிடித்தது ஏன், 2016க்குள் தீர்வு என்று எதை நம்பிச் சொன்னார், முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு கையில் எந்தப் பலமும் இல்லாமல் பேசப்போன ஒருவருக்கு வேறு என்ன வழி இருந்தது? அரசியலுக்கு வர நினைக்கிற இளைஞன் படிக்கவேண்டிய பாடம் இந்தக் கேள்விகளில்தான் கிடக்கிறது. புகழுரையிலும் அது இல்லை, வசையிலும் இல்லை. பிழையே விடாதவர்களின் படங்களை வரிசையாக மாட்டிவைத்து அவனை உள்ளே கூப்பிட்டால், முதல் பிழை விட்ட அன்றைக்கே அவனும் அதை மறைக்கத்தான் பார்ப்பான்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எனக்கு அடுத்து எழும்பப்போகிற எதிரணிப் பேச்சாளரிடம் ஒன்று கேட்டுவிட்டு இருக்கிறேன். சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், தமிழருக்குத் தனிநாடு என்று முதலில் பேசியவர்களில் ஒருவர், ‘அடங்காத் தமிழன்’. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் போய்விடக்கூடாது என்று வாசலில் நின்று தடுத்தவரும் அவரே. வழக்கு அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. நாளைக்கு நீங்கள் அவருக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று அந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரின் பேத்தி வந்து முன்வரிசையில் இருக்கிறாள். நன்மை மட்டும் பேசுகிற உங்கள் மேடையில் யார் எழும்பி, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன பேசுவீர்கள்? எனக்குச் சொல்லவேண்டாம், சபைக்குச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.