பொருள் வரட்டும், முழுப் பணமும் வரும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், பொருள் உருவாகும் முன்பே முழு விலையையும் வாங்குவது நியாயம்தான் என்றார். சிறிய நிறுவனத்திடம் முதல் இல்லை, வாடிக்கையாளர்தான் கைகொடுக்க வேண்டும் என்றார். முதல் இல்லை என்பது உண்மை. பிளாஸ்டிக் உறையை வார்க்கும் அச்சு செய்யவே பெரும் பணம் வேண்டும். உதிரிபாகம் விற்பவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினால்தான் விலை பேசவே வருவார்கள். அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் முதல் போடுகிறவருக்குப் பங்கு உண்டு. கடன் கொடுக்கிறவருக்கு வட்டி உண்டு, பெரும்பாலும் அடமானமும் உண்டு. முழு விலையை முன்கூட்டியே கட்டியவருக்கு என்ன உண்டு, நடுவர் அவர்களே? ஒரு ரசீது. நிறுவனம் மூழ்கினால், அடமானம் வைத்திருக்கும் வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். இவர் வரிசையின் கடைசியில் நிற்பார். நட்டத்தில் மட்டும் கூட்டாளி!

கூலஸ்ட் கூலர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய பொருள் செய்யப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2014-இல் வந்த ஐஸ் பெட்டி அது. மூடியில் பிளெண்டர், பக்கத்தில் புளூடூத் ஸ்பீக்கர். 62,000 பேருக்கு மேல் சேர்ந்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள். பெட்டி ஒன்றுக்கு 165, 185 டாலர் என்று விலை வைத்தார்கள். அது போதவில்லை. பணம் கட்டிய பல்லாயிரம் பேர் காத்திருக்கும்போதே, அதே பெட்டி அமேசானில் விற்பனைக்கு வந்தது. 2016-இல் காத்திருந்தவர்களிடம், இன்னும் 97 டாலர் கட்டினால் சீக்கிரம் அனுப்புகிறோம் என்றார்கள். 2019-இல் நிறுவனம் மூடப்பட்டபோது ஏறத்தாழ 20,000 பேருக்குப் பெட்டி வரவே இல்லை.

இதில் யாரும் திருட வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கோளாறு முறையிலேயே இருக்கிறது. செய்து பார்க்காத பொருளுக்கு அடக்கவிலை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? குத்துமதிப்பாக ஒரு விலை வைத்து, முழுவதையும் வாங்கிச் செலவழித்துவிட்டால், பழைய வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய பொருளைப் புதிய வாடிக்கையாளரின் பணத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் அந்தப் புதியவருக்கு யார் பணம்?

பணம் இல்லாதவர்தான் இப்படிக் கேட்கிறார் என்பதும் சரியில்லை. 2017-இல் டெஸ்லா புதிய ரோட்ஸ்டர் காரை அறிவித்தபோது, முதல் 1,000 வண்டிகளுக்கு முழு விலையாக 2,50,000 டாலரை முன்கூட்டியே கேட்டது. 2020-இல் வரும் என்றார்கள். 2020 போனது, வண்டி வரவில்லை.

வேறு வழியே இல்லையா என்று நண்பர் கேட்டார். இருக்கிறது. வால்வ் நிறுவனம் 2021-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்க வீடியோ கேம் கருவிக்கு வெறும் 5 டாலர் வாங்கி வரிசையில் இடம் கொடுத்தது. மீதியை உங்கள் முறை வந்ததும் கட்டினால் போதும். உதிரிபாகத் தட்டுப்பாட்டால் இரண்டு மாதம் தள்ளிப்போனபோதும், யாருடைய முழுப் பணமும் மாட்டிக்கொள்ளவில்லை. அது பெரிய நிறுவனம் என்பீர்கள். சரி, ஃப்ரேம்வொர்க் அப்போது புதிதாகத் தொடங்கிய நிறுவனம். அவர்களும் அதே ஆண்டு தங்கள் முதல் லேப்டாப்புக்கு, திருப்பித் தரக்கூடிய 100 டாலர்தான் முன்பணமாக வாங்கினார்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கணக்கு கையில் கிடைத்துவிடுகிறது. அதைக் காட்டி முதலீட்டாளரிடமோ வங்கியிடமோ போகலாம். அவர்கள் கணக்கைப் புரட்டிப் பார்ப்பார்கள், ஆலையைப் போய்ப் பார்ப்பார்கள், குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத் தாண்ட முடியாத திட்டத்துக்கு, கேள்வி கேட்க வழியே இல்லாத சாதாரண ஆளின் சேமிப்பை எடுக்க என்ன உரிமை?

முன்பணம் வாங்கட்டும், கேட்டால் திருப்பித் தரட்டும், மீதியைப் பெட்டி கிளம்பும் நாளில் வாங்கட்டும். எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான். எங்கள் பக்கம் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.