செயின்சோ உங்கள் முகத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?

[திரையில்: செயின்சோ அலகின் நுனி, மிக அருகில்]

வணக்கம் உறவுகளே. இந்த நுனியின் மேல்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத இந்த இடம் கொப்பில் தவறிப் பட்டால், ஓடும் சங்கிலி உங்கள் கழுத்துக்கு வரும். இதைத்தான் கிக்பாக் என்கிறோம்.

கார்த்திகை மழையோடு காற்றும் சேர்ந்தால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வேம்பும் முருங்கையும் விழும். மறுநாள் விடிய எங்கும் செயின்சோ சத்தம்தான், அந்த வாள்களில் பாதி இரவல் வாங்கியதாக இருக்கும். பெண் பனை, பலா தறிக்க அனுமதி வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

[திரையில்: சங்கிலி ஓடும் திசை, அம்புக்குறியோடு]

முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்கு 20 மீற்றர் அளவில் ஓடும். அதாவது மணிக்கு 70 கிலோமீற்றருக்கும் மேல். அலகின் மேலே முன்னோக்கி ஓடி, நுனியில் வளைந்து, கீழ்ப்பக்கமாக உங்களிடம் திரும்பி வருகிறது. நுனியின் மேல் காற்பகுதியில் பல் மரத்தில் சிக்கினால் சங்கிலி ஒரு கணம் நின்றுவிடும். ஓடிய வேகம் எங்கே போகும்? சைக்கிளின் முன்சில்லுக்குள் தடி சிக்கினால் சில்லு நிற்கும், ஓடி வந்தவர் தூக்கி எறியப்படுவார் அல்லவா? அதே வேலைதான். இங்கே எறியப்படுவது அலகு. மேலே எழும்பி, பின்னால், உங்களை நோக்கி.

எனக்கு இதில் மிகவும் பயமாக இருப்பது நேரக் கணக்கு. கிக்பாக் நடந்து முடிய ஒரு விநாடியின் பத்தில் ஒன்று அளவு போதும். கண்ணால் கண்டு கையை அசைக்க நமக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். "நான் கெதியாக விலகிவிடுவேன்" என்று சொல்லும் அண்ணன்மாரே, தயவுசெய்து இதை நம்புங்கள்: விலக நேரமே கிடையாது. தறிக்கத் தொடங்கும் முன் எப்படி நிற்கிறீர்களோ, அதுதான் உங்களைக் காக்கும்.

[திரையில்: முன்பிடியைப் பிடித்த இடது கை]

இடது பெருவிரலைப் பாருங்கள், பிடியைச் சுற்றி அடியில் பூட்டியிருக்கிறது. பலர் அதை மற்ற விரல்களோடு மேலே வைப்பார்கள். வாள் எகிறினால் அந்தக் கை கழன்றுவிடும். இடது முழங்கை நேராக இருக்கட்டும். தலையும் உடம்பும் அலகின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று இடப்பக்கம். தோளுக்கு மேலே தூக்கித் தறிக்க வேண்டாம், ஏணியில் நின்று வேண்டவே வேண்டாம். சாரம், செருப்பு இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். கண்ணாடி, காதுமூடி, சப்பாத்து வேண்டும்.

அப்புறம், கிடைத்தால் செயின்சோவுக்கென்றே தைத்த காற்சட்டை. அதன் உள்ளே அடுக்கடுக்காக நார்கள். பல் துணியைக் கிழித்தவுடன் நார் இழுபட்டுப் பற்சக்கரத்தில் சுற்றிச் சங்கிலியை நிறுத்திவிடும். எவ்வளவு அருமையான யோசனை!

நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது. வேலிக் கதியாலாக நட்ட பூவரசுக்கு எப்போதோ முள்ளுக்கம்பி அடித்திருப்பார்கள். மரம் பருத்து, கம்பியைப் பட்டை மூடியிருக்கும். பனைகளிலோ யுத்த காலத்துச் செல் துண்டுகள் இன்றும் கிடக்கின்றன. பல் அதில் பட்டால் சங்கிலி அறும், நுனி பட்டால் அலகே எகிறும். பட்டையில் புடைப்பு, துரு வழிந்த கோடு, பழைய துளை தெரிகிறதா என்று மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். அந்த வளவில் நெடுநாள் இருந்த பெரியவர்களிடமும் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

அரம் போடும்போது ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேட்டை அளவுக்கு மீறித் தேய்க்க வேண்டாம். அது குறைந்தால் பல் ஆழமாகக் கடிக்கும், கிக்பாக்கும் கூடும்.

[திரையில்: முன்தட்டி, சங்கிலி நிற்கும் காட்சி]

முன்பிடிக்கு முன்னால் நிற்கும் இந்தத் தட்டிதான் சங்கிலி பிறேக். வேலைக்கு முன் வாளை நிலத்தில் வைத்து, சங்கிலி ஓடும்போது பிடியை விடாமல் இடது மணிக்கட்டால் தட்டியை முன்னே தள்ளுங்கள். அந்தக் கணமே சங்கிலி நிற்க வேண்டும். இழுத்து இழுத்து நின்றால் அந்த வாளைத் திருத்தக் கொடுங்கள், இரவல் வாங்கியதென்றால் உரியவரிடம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். உங்கள் வாளில் இதைச் செய்து பார்த்து, சங்கிலி எப்படி நின்றது என்று கீழே எழுதுங்கள். நான் வாசிப்பேன்.