காய்ச்சல் எத்தனையாவது நாள்?
(டெங்கு வைரஸ் பற்றிச் சேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, வணக்கம்.

காய்ச்சலோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் வைரஸ் பற்றிப் படித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்றைக்கு ஆரம்பித்தது?" என்பதுதான். "நாலஞ்சு நாளா இருக்குதுங்க" என்று பதில் வரும். நாலா, அஞ்சா? டெங்குவாக இருந்தால் அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் எடுக்க வேண்டிய பரிசோதனையே மாறிவிடும். அதனால் தயவுசெய்து, உடம்பு சுட்ட முதல் நாளையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதற்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மரபு இழையில் ஏறத்தாழ 10,700 எழுத்துகள். அவற்றைக் கொண்டு அது பத்தே புரதங்களைச் செய்துகொள்கிறது. மூன்று அதன் உடம்பைக் கட்ட. மீதி ஏழும் நம் செல்லுக்குள் அதன் காரியத்தை நடத்த. அந்த ஏழில் ஒன்றுதான் என்.எஸ்.1. இது செல்லுக்குள் தங்காமல் ரத்தத்தில் கலந்து ஓடும். காய்ச்சலின் முதல் நாளிலேயே சிக்கிவிடும் என்பதால், முதல் ஐந்து நாட்களில் இதைத் தேடுகிறோம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு மறுபடி வந்தால், அன்றைக்கு உடம்பு செய்துவைத்த எதிர்ப்புப் புரதங்களான பழைய ஆன்டிபாடிகள் என்.எஸ்.1-ஐ வேகமாகப் பிடித்துக்கொள்ளும். சோதனைக் கிட் அட்டையில் கோடு விழாமல் போகலாம். ஆபத்து அதிகமுள்ள நோயாளியிடமே சோதனை கைவிடுகிறது. எனவே 'என்.எஸ்.1 நெகட்டிவ்' என்ற தாளை வைத்து டெங்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து ஐ.ஜி.எம். ஆன்டிபாடியைத் தேட வேண்டும். இரண்டாம் நாளே எடுத்தால் பெரும்பாலும் நெகட்டிவ்தான் வரும், பணம் வீண். இது இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும் என்பதால், பாசிட்டிவ் என்று வந்தாலும் அது போன மாதக் காய்ச்சலின் மிச்சமாகவும் இருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் டெங்குவுக்கு உறவு. அதன் ஆன்டிபாடியும் இந்தச் சோதனையில் சில நேரம் ஒட்டிக்கொள்ளும்.

அரசு மருத்துவமனைகளில் நடக்கும் ஐ.ஜி.எம். எலைசா என்ற நிறமாற்றச் சோதனைக்கான கிட்டைப் புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் தயாரித்து அனுப்புகிறது. 96 குழிகள் கொண்ட தட்டு அது. குழியின் அடியில் மனித ஐ.ஜி.எம்.-ஐப் பிடித்துவைக்கும் பூச்சு. ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தைப் பல மடங்கு நீர்த்து விட்டு, 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, கழுவுகிறார்கள். பிறகு டெங்கு ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் வைரஸ் பொருளான ஆன்டிஜன், கழுவல். அதில் ஒட்டும் அடையாள ஆன்டிபாடி, கழுவல். அதைப் பற்றிக்கொள்ளும் நொதி, மறுபடியும் கழுவல். கடைசியாக விடும் திரவம் நீலமாகி, அமிலம் விட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி அளக்கிறது. தவறு நேர்வது பெரும்பாலும் கழுவலில். ஒட்டாத நொதி குழியில் மிஞ்சினால் நோயில்லாதவர் ரத்தமும் மஞ்சளாகும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று முன்பே தெரிந்த சீரங்களை ஒவ்வொரு தட்டிலும் கூடவே ஓட்டுவது அதைக் கண்டுபிடிக்கத்தான்.

ஏற்காட்டிலிருந்து ரத்தம் கீழே வர வேண்டுமென்றால் இன்னொரு கவனம் வேண்டும். எடுத்த கையோடு குழாயை வண்டியில் வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கிக்கொண்டு வந்தால் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். அரை மணி நேரம் அசையாமல் வைத்து உறையவிட்டு, மேலேயே சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, 2 முதல் 8 டிகிரியில் அனுப்புவதே சரி. பிரிக்காத ரத்தம் ஐஸ் கட்டியைத் தொட்டுப் பனிக்கட்டிபோல இறுகினாலும் கெட்டதுதான்.

இரண்டாம் முறை டெங்கு ஏன் கடுமையாகிறது? டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீடித்த பாதுகாப்பு. வேறு வகை நுழையும்போது பழைய ஆன்டிபாடி அதைக் கொல்லும் அளவுக்கு ஒட்டாமல், அரைகுறையாக ஒட்டி, வெள்ளை அணுக்களுக்குள் அதைச் சேர்த்துவிடுகிறது. அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் பாங்காக்கில் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த கருத்து இது. அதற்குப் பலம் சேர்த்தவர்கள் கைக்குழந்தைகள். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி தேய்ந்து, காப்பாற்றவும் போதாமல், முழுக்க மறையவும் இல்லாத சுமார் ஆறு முதல் எட்டு மாத வயதில், முதல் டெங்குவே அவர்களுக்குக் கடுமையாக வந்தது. பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய டெங்வாக்சியா தடுப்பூசியை 2017-ல் நிறுத்த நேர்ந்ததும் இதனால்தான். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் தொற்றுபோல வேலை செய்தது. தடுப்பூசிக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று கோபப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நான்கு வகையையும் ஒருசேரத் தடுக்கிறதா என்று பல ஆண்டுகள் பார்த்தே ஆக வேண்டும். இந்தியாவில் 2024-ல் தொடங்கிய மூன்றாம் கட்டச் சோதனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்க்கத் திட்டமிட்டது அதற்காகத்தான்.

கொசுவைப் பற்றிச் சுருக்கமாக. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். இருட்டான மூலையில் ஒதுங்கும். அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் பகல் முழுக்கக் குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இரவுக் கொசுவலை போதாது. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் போடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டி, டிரம்மின் உள்சுவரில் ஒட்டும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டிரம்மைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பப் பிடித்தால், ஒட்டிய முட்டை நனைந்து பொரியும். தண்ணீரில் விடும் அபேட் மருந்து கொசுப் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இனி, உயிர் போவதும் பிழைப்பதும் தீர்மானமாகும் இடம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, நாலு முதல் ஆறு மணி நேரம் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறுவது நம் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. அதே தாளில் ஹெமட்டோக்ரிட், சில லேபில் பி.சி.வி. என்று இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு அது; அதைப் பாருங்கள். முதல் நாட்களில் 36 இருந்து இப்போது 43, 44 என்றால், ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது; நீர் கசிகிறது என்று பொருள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில் பயனில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். "வலி தாங்கலைங்க, ஒரு ஊசி போடுங்க" என்று கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிக்கொள்ளாதீர்கள். அதுவும், ஆஸ்பிரின், புரூஃபன் ஆகியவையும் ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கசிந்த நீர், ஆபத்துக் கட்டம் கடந்ததும் தானாகவே ரத்தக்குழாய்களுக்குத் திரும்பும். அப்போதும் டிரிப் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகவே மருத்துவர் டிரிப்பைக் குறைத்தாலோ கழற்றினாலோ, "இன்னும் ரெண்டு பாட்டில் போடுங்க" என்று வற்புறுத்த வேண்டாம்.